அலாரம், கமரா பூட்டியாச்சு: கையெழுத்து வைக்க முன் எதையெல்லாம் சோதிக்கணும்?

மருதமுனை கைத்தறி | 2025 ஜூலை 3

கைத்தறிச் சாரிக் கடை, ரெண்டு மாடி. கீழே விற்பனைக் கூடம், முன்னுக்கு ரெண்டு றோலர் கதவு, பின்னுக்குத் தகரக் கூரை போட்ட நூல் ஸ்டோர், மேலே கந்தோர். அலாரம் பெனல் ஒன்று, பிஐஆர் (ஆளின் உடற்சூட்டை வைத்து அசைவைப் பிடிக்கும் டிடெக்டர்) எட்டு, கதவுக் காந்தம் (கதவு திறந்தால் பெனலுக்குச் சொல்வது) ஐந்து, சைரன் உள்ளே ஒன்று வெளியே ஒன்று. கமரா எட்டு, எல்லாம் 4 மெகாபிக்சல், என்விஆரில் (கமராப் படத்தைப் பதியும் பெட்டி) 4 டெராபைட் டிஸ்க். கந்தோர்க் கதவுக்கு விரல் ரேகை மெஷினும் காந்தப் பூட்டும்.

பூட்டின ஆட்கள் ஒரு தடவை ஆர்ம் பண்ணி (அலாரத்தைக் காவலுக்குப் போட்டு), ஒருவரைக் கூடத்துக்குள் நடக்கவிட்டு, சைரன் அடிச்சதைக் காட்டினாங்க. எல்லாம் சரி, பேப்பரில் கையெழுத்து வைங்க, மிச்சக் காசைத் தாங்க என்கிறாங்க. இவ்வளவு போதுமா?

கல்லடி வயர்மன் | ஜூலை 3

போதாது. கரண்ட் இருக்கு, வயர் நல்லா இருக்கு, ஆள் கூடத்து நடுவில் நடக்கிறார்: அந்த நேரம் சைரன் அடிக்காட்டித்தான் அதிசயம். கள்ளன் அப்படி வரமாட்டான். கரண்ட் போன இரவு, வயரை அறுத்த பிறகு, பிஐஆருக்கு முன்னால் நூல் மூட்டை அடுக்கின பிறகு, பகல் ரெண்டு மணிக் கச்சான் காற்று வெக்கையில் இது என்ன செய்யும் என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து.

முதல் வேலை பெனலில். மூடியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு ஸோன் வயரையும் (ஒவ்வொரு டிடெக்டருக்கும் போகும் தனி லைன்) கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளந்து எழுதுங்க. ஸோன் முடிவில் போடும் ரெசிஸ்டரின் மதிப்பு பெனலுக்குப் பெனல் வேறு: 1 கிலோஓம், 2.2, 4.7, 5.6 எல்லாம் இருக்கு. உங்கட பெனலின் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. ரெட்டை ரெசிஸ்டர் முறையில் ரெண்டும் 2.2 கிலோஓம் என்றால், சும்மா இருக்கும்போது 2.2, ஆள் நடந்தால் 4.4, மூடி திறந்தாலோ வயர் அறுந்தாலோ திறந்த சுற்று, ரெண்டு வயரும் முட்டினால் பூச்சியம். இந்த நாலு நிலையையும் பெனல் வெவ்வேறாகக் காட்டணும்.

இங்கே அடிக்கடி நடக்கிற சுருக்கு வழி ஒன்று இருக்கு. ரெசிஸ்டரை டிடெக்டருக்குள் போடாமல், வேலை லேசு என்று பெனல் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுறாங்க. அப்ப வெளியே உள்ள வயரை யாராவது முட்டவைத்தால் பெனல் எப்பவும் 'எல்லாம் நலம்' என்றே காட்டும், அந்த ஸோன் செத்ததுக்குச் சமன். கண்டுபிடிக்க வழி: டிடெக்டர் மூடியைத் திறந்து, ஸோன் வயர் ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் முட்டவைங்க. கீபேடில் பிழை காட்டினால் ரெசிஸ்டர் சரியான இடத்தில் இருக்கு. ஒன்றும் நடக்காட்டி பெனலுக்குள் இருக்கு, திருப்பிச் செய்யச் சொல்லுங்க. 12 வோல்ட் வரும் சிவப்பு, கறுப்பு வயரை முட்டவைக்கவேண்டாம், பெனல் ஃபியூஸ் போயிடும்.

சம்மாந்துறை மில் | ஜூலை 3

எட்டு பிஐஆர், ஐந்து கதவு, எல்லாத்துக்கும் இதைச் செய்யணுமா? ரெண்டு மூன்றைப் பார்த்தால் போதாதா?

கல்லடி வயர்மன் | ஜூலை 4

எல்லாத்துக்கும்தான் காக்கா. பதின்மூன்று ஸோனில் பன்னிரண்டு சரியாக இருந்து ஒன்று பிழைத்தால், வழி அதுதான். ரெண்டு பேர் நின்றால், ஒருவர் டிடெக்டரில் மற்றவர் பெனலில் போனோடு, ஒரு காலையில் முடியும் வேலை.

இன்னொன்று. வயரின் காப்பைச் சோதிக்க மெகர் பிடிப்பதாக இருந்தால் ரெண்டு முனையிலும் கருவியைக் கழற்றிய பிறகுதான். 250 வோல்டில் 0.5 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. டிடெக்டர் இணைந்திருக்கும்போது பிடித்தால் உள்ளே உள்ள சர்க்கிட் எரியும். கட்டிட வேலை முடியமுன் சுவருக்குள் போட்ட வயரில் ஆணி இறங்கியிருக்கா, சீலிங்குக்கு மேலே எலி கடிச்சிருக்கா என்று இதில் பிடிபடும்.

அக்கரைப்பற்று எலக்ட்ரிகல் | ஜூலை 4

கரண்ட் பக்கம். பெனலும் என்விஆரும் எந்தப் பிரேக்கரில் என்று பாருங்க. பாதி இடங்களில் பக்கத்து பிளக்கில் இருந்து எடுத்திருப்பாங்க, அதே லைனில் ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டர். மழை நாளில் மோட்டரில் லீக் வந்து 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அலாரமும் பற்றரிக்குப் போயிடும், சனிக்கிழமை இரவு விழுந்தால் திங்கள்வரை யாரும் பார்க்கமாட்டாங்க. அலாரத்துக்குத் தனிப் பிரேக்கர் இருக்கணும், பிளக் இல்லாமல் நேரடி இணைப்பாக. கூட்டுகிற பிள்ளை பிளக்கைக் கழற்றிவிடும்.

சோதனை: ட்ரிப் சுவிட்சில் 'T' என்று இருக்கும் பட்டனை அழுத்துங்க. கீபேடில் கரண்ட் இல்லை என்று வரணும், போனுக்குத் தகவல் வரணும். சில பெனல்களில் அந்தத் தகவல் அரை மணி நேரம் பிந்தி அனுப்புவதாகப் போட்டிருக்கும். அது பிழையில்லை, ஆனால் எவ்வளவு நேரம் என்று தெரிஞ்சிருக்கணும்.

மருதமுனை கைத்தறி | ஜூலை 5

பெனலுக்குள் 12 வோல்ட் 7 ஏஎச் (அம்பியர்-மணி) பற்றரி ஒன்று இருக்கு. இது எத்தனை மணி தாங்கும்?

கல்லடி வயர்மன் | ஜூலை 5

கணக்குப் போட்டே பார்க்கலாம். பெனல் 100 மில்லிஅம்பியர், கீபேட் 60, பிஐஆர் எட்டு தலா 12 என்று 96, ஜிஎஸ்எம் டயலர் (சிம் வழியாகப் போனுக்கு அழைக்கும் கருவி) 44. மொத்தம் 300, அதாவது 0.3 அம்பியர். உங்கட கருவிகளின் உண்மையான எண்கள் அவற்றின் தாளில் இருக்கும், பற்றரி வயரில் மீட்டரைத் தொடராகப் போட்டும் அளக்கலாம்.

12 மணிக்கு 0.3 × 12 = 3.6. சைரன் ரெண்டும் சேர்ந்து 1.2 அம்பியர், கால் மணி அடித்தால் 0.3. கூட்டினால் 3.9. பற்றரி பழசாகும் என்று கால் பங்கு கூட்டினால் 4.9 ஏஎச். 7 ஏஎச் போதும். ஐரோப்பிய ஈஎன் 50131 தரத்தில் ரெண்டாம் நிலை அலாரத்துக்குக் கேட்பதும் 12 மணிதான்.

24 மணிக்கு இதே கணக்கு 9.4 ஏஎச் வரும். அப்ப 7 போதாது.

கணக்கு தாளில். சோதனை இப்படி: பெனல் ஒரு முழு நாள் சார்ஜ் ஆனபிறகு, பின்னேரம் ஆறு மணிக்கு அதன் பிரேக்கரை விழுத்துங்க. பெனலும் கீபேடும் எல்லாம் ஓடட்டும். காலை ஆறு மணிக்கு ஆர்ம் பண்ணி, ஒரு ஸோனை அடிக்கவைத்து, சைரன் முழு நேரமும் அடிக்கிறதா என்று பாருங்க. சைரன் அடிக்கும்போதே பற்றரி முனையில் வோல்ட் அளக்கணும். 11.5க்கு மேல் நின்றால் நல்லது. 10.5க்குக் கிட்ட வந்தால் அந்தப் பற்றரி கடையில் மாதக்கணக்கில் சும்மா கிடந்ததாக இருக்கலாம். பிறகு பிரேக்கரைப் போட்டு, சார்ஜ் வோல்ட் 13.6 முதல் 13.8 வரை ஏறுதா பாருங்க. சுமையில்லாமல் 12.8 காட்டுவதை வைத்து 'பற்றரி நல்லது' என்று சொல்பவரை நம்பவேண்டாம், செத்த பற்றரியும் சும்மா இருக்கும்போது 12.8 காட்டும்.

சம்மாந்துறை மில் | ஜூலை 5

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி கரண்ட் வெட்டினதை மறக்கக்கூடாது. 12 மணி என்பது ஐரோப்பியக் கணக்கு.

கல்லடி வயர்மன் | ஜூலை 6

காக்கா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். மேலே உள்ள கணக்கின்படி 13 மணி நேரத்துக்கு 5.25 ஏஎச், புதுப் பற்றரி அந்த முதல் நாளைத் தாங்கும். சிக்கல் ரெண்டாம் நாளில். பல பெனல்கள் பற்றரிக்கு 350 மில்லிஅம்பியருக்கு மேல் சார்ஜ் கொடுக்கமாட்டா. 4.2 ஏஎச் எடுத்ததைத் திருப்பிப் போட ஆகக் குறைந்தது 12 மணி, நடைமுறையில் இன்னும் கூட. கரண்ட் இருப்பதோ 11 மணி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நாலாம் ஐந்தாம் நாள் பெனல் செத்திடும். ஆகவே எங்கட பக்கத்துக்கு 24 மணிக் கணக்கைப் பிடிக்கச் சொல்கிறேன்: 12 ஏஎச் பற்றரி, அதைச் சார்ஜ் பண்ணும் சக்தி பெனலுக்கு உண்டா என்று கையேட்டில் பார்த்து. இல்லாட்டி தனிப் பவர் சப்ளை. ரெண்டு 7 ஏஎச்சை சும்மா சமாந்தரமாகக் கட்டிவிடுவது தீர்வில்லை, சார்ஜர் அதே சின்னச் சார்ஜர்தான்.

வெக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்க. இந்த மாதிரி ஈயப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே பெனலைப் பூட்டினால் ஐந்து வருடப் பற்றரி ரெண்டரை வருடம்கூடத் தாங்காது. பெனலைக் கந்தோருக்கு மாற்றச் சொல்லுங்க. பற்றரியில் போட்ட தேதியை மார்க்கர் பேனாவால் எழுதுங்க.

ஏறாவூர் நெட்வொர்க் | ஜூலை 6

அந்தப் பற்றரி இரவிலேயே இன்னொன்றையும் பாருங்க. கரண்ட் போனால் பெனல் உயிரோடு இருக்கும், ஆனால் ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் செத்திடும். ஆப்பில் வரும் எச்சரிக்கை எல்லாம் அந்த வழியில்தான் வருது. பிரேக்கர் விழுந்து இருக்கும்போதே ஒரு ஸோனை அடிக்கவைத்து உங்கட போன் அடிக்குதா பாருங்க. அடிக்காட்டி ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வேணும், இல்லாட்டி டயலரின் சிம்மை மட்டும் நம்பணும்.

சிம்மில் மூன்று விசயம்: பின் இலக்கம் நீக்கியிருக்கணும், பணம் இருக்கணும், சிம் யார் பேரில் என்று தெரியணும். டயலரில் குறுந்தகவல் மட்டும் போட்டிருந்தால் போதாது, அழைப்பும் வரணும், இரவு ரெண்டு மணிக்கு யாரும் குறுந்தகவல் படிக்கமாட்டாங்க. முதலாம் இலக்கம் எடுக்காட்டி ரெண்டாம் இலக்கத்துக்குப் போகுதா என்றும் பாருங்க. 119ஐ டயலரில் போடவே வேண்டாம். சோதிக்கும்போதும் பிழை அலாரத்திலும் பொலிசின் அவசர லைன் வீணாகப் பிடிபடும்.

மருதமுனை கைத்தறி | ஜூலை 8

பற்றரிச் சோதனை முடிந்தது. காலையில் சைரன் அடிக்கும்போது 11.7 வோல்ட். போனுக்கு ஆப் எச்சரிக்கை வரவில்லை, டயலர் அழைப்பு வந்தது. மூன்றாம், ஏழாம் ஸோனில் ரெசிஸ்டர் பெனலுக்குள்தான் இருந்தது. திருத்தித் தர ஒத்துக்கொண்டாங்க. பிஐஆரை எப்படி நடந்து பார்ப்பது?

கல்லடி வயர்மன் | ஜூலை 8

ரெண்டு ஸோன் பிடிபட்டது நல்லது.

பெனலை நடைச் சோதனை நிலைக்கு மாற்றினால் சைரன் அடிக்காது, பிஐஆரின் சின்ன லைட் மட்டும் எரியும். பிஐஆரை நோக்கி நேராக நடந்தால் அது ஆகப் பிந்திப் பிடிக்கும், குறுக்காக நடந்தால் உடனே பிடிக்கும். அதனால் பூட்டின ஆள் எப்பவும் குறுக்காகத்தான் நடந்து காட்டுவார். நீங்க ரெண்டும் செய்யுங்க. சாதாரண நடை, பிறகு மிக மெதுவாக, பிறகு குனிந்து சுவரோரமாக. ஒவ்வொரு நடைக்கும் இடையில் லைட் அணையும்வரை அசையாமல் நிற்கணும். எங்கே முதல் தடவை எரியுது என்று தரையில் சோக்கால் அடையாளம் போட்டு, பிறகு அதைக் கட்டிடப் படத்தில் வரையுங்க.

சரக்கு முழுக்க அடுக்கின பிறகு நடக்கணும். இதை அழுத்திச் சொல்கிறேன். வெறும் கூடத்தில் 12 மீட்டர் பிடித்த பிஐஆர், சாரி றாக்கை ஆறடிக்கு நிமிர்த்தினதும் 3 மீட்டர்தான் பிடிக்கும். நூல் ஸ்டோரில் மூட்டை கூரைவரை போகும் என்றால் அந்த உயரத்தில் சோதியுங்க. பூட்டும் உயரம் பொதுவாக 2.1 முதல் 2.4 மீட்டர். ஸ்டோருக்கு அது பொருந்தாட்டி நடைபாதையின் ரெண்டு முனையிலும் ஒவ்வொன்று.

நேரமும் முக்கியம். பிஐஆர் பார்ப்பது ஆளின் உடற்சூட்டுக்கும் பின்னால் உள்ள சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. கச்சான் அடிக்கும் பகலில் பூட்டிய தகரக் கொட்டிலுக்குள் 36, 37 பாகை ஏறினால் அந்த வித்தியாசம் இல்லாமல் போயிடும். காலை எட்டு மணிக்கு 10 மீட்டரில் பிடித்தது பகல் ரெண்டு மணிக்கு 4 மீட்டரில்கூடப் பிடிக்காமல் விடலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடை பூட்டியிருக்கும், சரியாக அதே நேரம் ஸ்டோர் கொதிக்கும். நடைச் சோதனையை அந்த நேரத்தில் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் செய்யுங்க.

அக்கரைப்பற்று எலக்ட்ரிகல் | ஜூலை 9

ஸ்டோருக்கு மைக்ரோவேவும் சேர்ந்த ரெட்டை டிடெக்டர் போட்டால் இந்தச் சூட்டுப் பிரச்சினை தீரும்.

ஏறாவூர் நெட்வொர்க் | ஜூலை 9

அப்படித் தீராது. ரெட்டை டிடெக்டர் பெரும்பாலும் ரெண்டும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் அலாரம் கொடுக்கும். அது பொய் அலாரத்தைக் குறைக்கச் செய்தது. பிஐஆர் பகுதி சூட்டில் குருடானால் மைக்ரோவேவ் பிடித்தும் பலனில்லை. சூடு கூடினால் மைக்ரோவேவை மட்டும் நம்பும் நிலைக்கு மாறும் மாடல்கள் உண்டு, வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கணும். மைக்ரோவேவ் மெல்லிய பலகைச் சுவரையும் ஊடுருவும், பக்கத்துக் கடையில் நடப்பவரையும் பிடிக்கும், அதன் தூரத்தைக் குறைத்துவைக்கணும்.

ஸ்டோருக்கு நான் சொல்வது: ஒரு 12 மீட்டர் பிஐஆருக்குப் பதிலாக, எதிரெதிர் மூலையில் ரெண்டு, ஒவ்வொன்றும் 6 மீட்டர் கணக்கில். அதோடு கதவிலும் யன்னலிலும் காந்தம். காந்தத்துக்கு வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை.

கல்லடி வயர்மன் | ஜூலை 9

ஏறாவூர் சொல்வது சரி. காந்தத்தில் பார்க்கவேண்டியது இடைவெளி. இரும்புக் கதவில் நேராகத் திருகினால் இரும்பு காந்தப் புலத்தை இழுத்துக்கொள்ளும், 20 மி.மீ. என்று எழுதியிருப்பது பாதியாகக் குறையும். இடையில் பிளாஸ்டிக் துண்டு வைக்கணும். றோலருக்கு வீட்டுக் கதவுக் காந்தம் சரிவராது. தரையில் போல்ட் பண்ணும் கனமான வகை, 50 மி.மீ. அளவு இடைவெளி தாங்குவது வேணும். றோலரைப் பூட்டிவிட்டு ரெண்டு கையாலும் உலுக்குங்க: அடிக்கக்கூடாது. பிறகு பூட்டைத் திறந்து மெதுவாக உயர்த்துங்க: ஒரு சாண் உயரமுன் அடிக்கணும். அதற்குமேல் ஆள் நுழைந்திடும். வாடைக்காற்று மாதங்களில் றோலர் இரவு முழுக்க ஆடும், உலுக்கல் சோதனையில் தவறினதை அப்படியே விட்டால் மார்கழியில் கடைக்காரர் அலாரத்தையே ஆஃப் பண்ணிவிடுவார்.

வெளியேறும் நேரமும் (ஆர்ம் பண்ணினதும் வெளியே போகப் பெனல் தரும் நேரம்) அதோடு. கீபேட் உள்ளே, றோலர் ரெண்டும் வெளியே இழுக்கணும். கடை பூட்டுகிற பிள்ளையையே கூப்பிட்டு, பையும் திறப்பும் கையில் இருக்கச் செய்யச் சொல்லி நேரம் பாருங்க. 30 செக்கன் போதாது, 60 முதல் 90 வேணும். உள்ளே வரும் நேரத்தை மட்டும் கூட்டவேண்டாம், 30 செக்கனே கள்ளனுக்குக் கொஞ்ச நேரமில்லை.

சம்மாந்துறை மில் | ஜூலை 10

பல்லி! மில்லில் பொய் அலாரத்துக்கு முதல் காரணம் பிஐஆருக்குள் போன பல்லி. வயர் வரும் ஓட்டையைச் சிலிக்கனால் அடைக்கணும். எறும்பும் அதே வழியில்தான் போகும்.

ஏறாவூர் நெட்வொர்க் | ஜூலை 11

கமராவுக்கு வருவோம். நேரடிப் படத்தைப் போனில் பார்த்துத் 'தெளிவு' என்று சொல்வது சோதனையில்லை. என்விஆரில் பதிந்ததை, இரவில், லைட் அணைத்து, பென் டிரைவில் எடுத்து, வேறொரு கணினியில் போட்டு முகம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேணும் என்பது ஈஎன் 62676-4 தரம். தெரிந்த ஆளை 'அவர்தான்' என்று சொல்ல 125 போதும், ஆள் இருக்கிறார் என்று மட்டும் காண 25. 4 மெகாபிக்சல் கமராவில் அகலம் 2560 பிக்சல். 250ஆல் பிரித்தால் 10 மீட்டர் சொச்சம். 2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 100 பாகை விரியும், அந்த விரிவில் 10 மீட்டர் அகலம் வருவது கமராவிலிருந்து 4.3 மீட்டரில். அதற்கு அப்பால் நிற்பவரின் முகம் வழக்குக்கு உதவாது. காசு மேசைக்கும் வாசலுக்கும் 4 மி.மீ. அல்லது 6 மி.மீ. லென்ஸ் கேளுங்க. தொப்பி போட்ட ஒருவரை வாசலில் நிற்கவைத்துப் பாருங்க: கமரா 3 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தால் தொப்பியின் மேல்பக்கம் மட்டும்தான் பதியும்.

டிஸ்க் கணக்கு. ஒரு கமரா 4 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் எட்டுக்கும் 32 மெகாபிட், அதாவது செக்கனுக்கு 4 மெகாபைட், நாளுக்கு 345 கிகாபைட். 4 டெராபைட் டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பிப் பழசை அழிக்கும். எச்.265 என்ற படம் சுருக்கும் முறைக்கு மாற்றி 2 மெகாபிட்டுக்கு இறக்கினால் 23 நாள். நூல் கையிருப்பை மாதம் ஒருக்காத்தான் எண்ணுவீங்க என்றால் 30 நாள் வேணும், 2 மெகாபிட்டில் 5.2 டெராபைட். 6 டெராபைட் டிஸ்க் போடச் சொல்லுங்க, இரவு பகலாக எழுதக்கூடிய கண்காணிப்பு வகை டிஸ்க். கணினி டிஸ்க் இந்த வேலைக்குத் தாங்காது.

அக்கரைப்பற்று எலக்ட்ரிகல் | ஜூலை 11

நேரம். புதுப் பெட்டிகள் சீன நேரத்தில், ஜிஎம்டி +8இல் வரும். எங்கட நேரத்தைவிட ரெண்டரை மணி முந்தி ஓடும். +5:30 தெரிவு செய்து, கோடைகால நேர மாற்றத்தை அணைத்து, இணையத்தில் நேரம் சரிபார்க்கும் வசதியைப் போடுங்க. பிறகு ஒரே நேரத்தில் மூன்றையும் அடிக்கவைங்க: கந்தோர்க் கதவை விரலால் திறக்கும்போது கமரா முன்னால் நின்று, ஒரு ஸோனும் அடிக்கட்டும். பெனல் பதிவு, கதவுப் பதிவு, கமராப் பதிவு மூன்றிலும் ஒரே நிமிடம் இருக்கணும்.

கல்லடி வயர்மன் | ஜூலை 12

அது நீதிமன்றத்திலும் உதவும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டப்படி இப்படியான பதிவைச் சான்றாக ஏற்க, பதிந்த கருவி சரியாக இயங்கியது, பதிவில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்டவேண்டியிருக்கும். சோதனைத் தாளை எழுதி, தேதி போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்திட்டு வைத்தால் அதற்கு முதல் ஆதாரம் உங்கட கையில். நேரம் ரெண்டரை மணி பிழைத்த பதிவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடமாட்டார்.

ஏறாவூர் நெட்வொர்க் | ஜூலை 12

கமரா பற்றிய மிச்சம்.

கடற்கரைக் காற்று. மருதமுனையில் வெளிக் கமராவின் வயர் இணைப்பை வெறும் இன்சுலேசன் டேப்பால் சுற்றியிருந்தால் ஒரு மழைக்காலத்தில் இணைப்பின் ஊசி பச்சைக் களிம்பு பிடித்துவிடும். கமராவோடு வரும் நீர்புகா மூடியைப் போடணும், உள்ளே சிலிக்கன் கிரீஸ், இணைப்பு ஒரு பெட்டிக்குள், வயர் பெட்டிக்குக் கீழால் வளைந்து ஏறணும், அப்ப தண்ணி வளைவில் சொட்டிவிடும். ஐபி66 (தூசியும் தண்ணியும் புகாது) என்று எழுதியிருப்பது கமராவின் உடலுக்கு, வாலில் உள்ள இணைப்புக்கில்லை. சோதிக்க மழை வரும்வரை இருக்கவேண்டாம், தோட்டத்துக் குழாயால் பத்து நிமிடம் அடித்துவிட்டு மறுநாள் திறந்து பாருங்க.

இரவில் கமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் பக்கத்து வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பினால் படம் முழுக்க வெளுத்துப்போகும், கமராவைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தணும். சிலந்தியும் அங்கேதான் வலை கட்டும், மாதம் ஒருக்காத் துடைக்க ஆள் வேணும்.

பக்கத்து வளவு தெரிந்தால் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி என்விஆரில் இருக்கு, போட்டுவிடுங்க. அயலவர் வீட்டு முற்றத்தில் பெண்கள் நடமாடுவதைப் பதிவது ஒருக்காலும் சரியில்லை.

ஆகக் கடைசியாக, ஆகப் பெரியது: ஆப் கணக்கு யார் பேரில்? பல இடங்களில் பூட்டின ஆளின் கணக்கில்தான் என்விஆர் பதிந்திருக்கும், உங்களுக்கு அவர் 'பகிர்ந்து' தந்திருப்பார். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவரின் போன் களவு போகலாம். என்விஆரை அவரின் கணக்கிலிருந்து நீக்கி உங்கட கணக்கில் சேர்க்கணும், அட்மின் கடவுச்சொல்லை நீங்க மாற்றணும். அலாரம் பெனலிலும் அப்படி: பொறியாளர் குறியீடு 0000, 1234 என்று தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கா என்று அடித்துப் பாருங்க. திறந்தால் மாற்றச் சொல்லுங்க.

மருதமுனை கைத்தறி | ஜூலை 15

ஆப் கணக்கு அவர்கள் பேரில்தான் இருந்தது. மாற்றியாச்சு. பகல் ரெண்டு மணி நடையில் ஸ்டோர் பிஐஆர் மூன்று மீட்டரில்தான் பிடித்தது, ரெண்டாவது ஒன்று பூட்டச் சொல்லியிருக்கு. கந்தோர்க் கதவு மிச்சம். காந்தப் பூட்டில் 280 கிலோ என்று இருக்கு, ஆனால் பலமாக இழுத்தால் திறக்குது.

அக்கரைப்பற்று எலக்ட்ரிகல் | ஜூலை 15

ரெண்டில் ஒன்று. முதலாவது வயர். 280 கிலோப் பூட்டு 12 வோல்டில் அரை அம்பியர் இழுக்கும். கெட்5 (நெட்வொர்க்) வயரின் ஒரு சோடியில் 30 மீட்டர் கொண்டுபோனால் போகவர 5 ஓம். பூட்டில் 9.9 வோல்ட்தான் மிஞ்சும், பிடி தளரும். கதவு பூட்டியிருக்கும்போது பூட்டின் முனையில் அளந்து பாருங்க. 1 சதுர மி.மீ. வயர் போட்டால் 11.5 நிற்கும். பற்றரியில் ஓடும்போது இன்னும் குறையும், அப்பவும் இழுத்துப் பாருங்க.

ரெண்டாவது கதவில் உள்ள இரும்புத் தகடு. அது நடுவில் ரப்பர் வாசருக்கு மேல் கொஞ்சம் ஆடணும், அப்பதான் காந்தத்தில் முழுக்கப் படியும். இறுக்கித் திருகிவிட்டால் ஒரு ஓரம் மட்டும் ஒட்டும். ஒரு தாளை இடையில் வைத்து நாலு மூலையிலும் இழுத்துப் பாருங்க.

பூட்டுக்குக் குறுக்கே 1என்4007 டயோட் ஒன்று இருக்கா என்றும் பாருங்க. இல்லாட்டி ஒவ்வொரு திறப்பிலும் வரும் எதிர் மின்னழுத்தம் மெஷினின் ரிலேயை (பூட்டின் கரண்டைக் கொடுத்து வெட்டும் சுவிட்ச்) தின்னும்.

கல்லடி வயர்மன் | ஜூலை 16

அந்தக் கதவில் உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று இருக்கு. உள்ளே இருப்பவர் எந்த நிலையிலும் வெளியே வரக்கூடியதாக இருக்கணும். கண்ணாடி உடைக்கும் பச்சைப் பெட்டி உள்பக்கம் இருக்கணும், அது பூட்டின் கரண்டை நேரடியாகவே வெட்டணும், மெஷின் வழியாக இல்லை. மெஷின் தொங்கிப்போனால் பட்டனும் தொங்கிப்போகும். சோதனை: மெஷினின் கரண்டைக் கழற்றிவிட்டுப் பச்சைப் பெட்டியைத் தட்டுங்க, கதவு உடனே விடணும். தீ அலாரம் இருந்தால் அது அடித்ததும் பூட்டு விடுதா என்றும் பாருங்க.

மறுபக்கம், விரல் ரேகை மெஷின் வெளிச்சுவரில். பூட்டை ஓட்டும் ரிலேயும் அதற்குள்ளேயே இருந்தால், யாராவது மெஷினைப் பிடுங்கி வயரை அறுத்ததும் காந்தத்துக்குக் கரண்ட் இல்லாமல் போய் கதவு திறந்திடும். மெஷினைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லிப் பாருங்க: அலாரம் அடிக்கணும், கதவு பூட்டியே இருக்கணும். திறந்தால், உள்பக்கம் தனி ரிலேப் பெட்டி வைத்து வயர் மாற்றணும்.

சம்மாந்துறை மில் | ஜூலை 16

தறியில் இருப்பவர்களின் விரல் தேய்ந்திருக்கும், சாயமும் பிடித்திருக்கும். ஆளுக்கு ரெண்டு விரல், ஒவ்வொரு கையிலும் ஒன்று பதியுங்க, கூடவே கார்ட் ஒன்று. வேலை முடிந்த பின்னேரம் அதே கையோடு சோதியுங்க, காலையில் கழுவின கையோடு இல்லை. ஏற்காட்டி மெஷினின் கண்டிப்பைக் குறைக்கச் சொல்வாங்க, அதற்கு விடவேண்டாம், அந்த ஆளுக்குக் கார்ட் கொடுங்க.

மருதமுனை கைத்தறி | ஜூலை 19

பூட்டில் 10.1 வோல்ட். வயர் மாற்றினதும் 11.4, இழுத்துத் திறக்க முடியவில்லை. மெஷினைக் கழற்றினபோது கதவு திறந்தது, தனி ரிலே வருது. இவ்வளவும் முடிந்தால் கையெழுத்து வைக்கலாமா?

கல்லடி வயர்மன் | ஜூலை 19

வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. பதினாலு நாள் ஊறவிடும் காலம் எழுத்தில் இருக்கட்டும். அந்த நாட்களில் பெனல் ஒவ்வொரு இரவும் ஆர்ம் ஆகும், வெளிச் சைரன் மட்டும் அணைந்திருக்கும், அடித்ததெல்லாம் பதிவில் விழும். அயலவரின் நித்திரையைக் கெடுக்காமல், எந்த ஸோன் எந்த நேரம் காரணமில்லாமல் அடிக்குது என்று தெரியவரும். எப்பவும் பகல் ரெண்டு மணிக்கென்றால் வெயில், விடியற்காலை என்றால் றோலர் அல்லது பூனை, ஃபேன் போட்ட நேரமென்றால் தொங்கும் சாரி. காரணம் கண்டுபிடித்து, திருத்தி, அந்த ஸோனுக்குப் பதினாலு நாளைத் திரும்ப முதலிலிருந்து எண்ணணும். மிச்சக் காசில் ஒரு பங்கை அந்த முடிவு நாளுக்கு வைங்க.

கையில் வாங்கவேண்டிய தாள்: ஸோன் இலக்கமும் இடமும், ஒவ்வொன்றின் ஓம் அளவு, பற்றரியின் மூன்று வோல்ட் அளவு (சும்மா இருக்கும்போது, சைரன் அடிக்கும்போது, சார்ஜ் ஆகும்போது), வயர் போன பாதையின் படம், எல்லாக் குறியீடும் மூடிய உறையில்.

அக்கரைப்பற்று எலக்ட்ரிகல் | ஜூலை 20

ஒன்று விடுபட்டது. இடி. ஐப்பசியில் பின்னேர இடி தொடங்கும். வளவில் கம்பத்தில் நிற்கும் கமராவுக்கு நீண்ட நெட்வொர்க் வயர் போயிருந்தால் ரெண்டு முனையிலும் இடிதாங்கிப் பெட்டி போட்டு எர்த் பண்ணணும். என்விஆர் பக்கத்தை மட்டும் போட்டால் கமரா போகும், கமராப் பக்கத்தை மட்டும் போட்டால் சுவிட்சும் என்விஆரும் சேர்ந்து போகும். தனிக் கட்டிடத்துக்கு வயர் போகுதென்றால் ஃபைபர்தான் நல்லது, அதில் மின்சாரம் ஓடாது.

மருதமுனை கைத்தறி | ஜூலை 20

கம்பத்துக் கமரா ஒன்று இருக்கு, பின் வளவில், 40 மீட்டர். எர்த்துக்குத் தனிக் கம்பி அடிக்கணுமா?

அக்கரைப்பற்று எலக்ட்ரிகல் | ஜூலை 21

கம்பத்தடியில் ஒரு கம்பி அடியுங்க, ஆனால் தனித்து விடவேண்டாம். அதையும் கட்டிடத்து எர்த்தையும் 16 சதுர மி.மீ. செம்புக் கம்பியால் இணைக்கணும். ரெண்டு எர்த்தும் தனித்தனியாக நின்றால், இடி விழும் நேரம் அவற்றுக்கு இடையில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்து, அது உங்கட நெட்வொர்க் வயர் வழியாகத்தான் ஓடும். 40 மீட்டருக்குச் செம்பு விலை அதிகமென்று தோன்றினால் ஃபைபரும் கம்பத்தடியில் சின்னப் பவர் பெட்டியும் என்று விலை கேளுங்க. அந்தப் பெட்டியின் 230 வோல்ட் லைனுக்கும் இடிதாங்கி ஒன்று வேணும்.